நூறு டீச்சர்

அந்தப் பள்ளியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் நூறு டீச்சர். அவளிடம் கணக்குப் படித்தவர்களில் ஏழெட்டுப் பேராவது ஆண்டுதோறும் இறுதிப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள்; அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சக ஆசிரியர்கள் அதையும் சுருக்கி ‘நூறு’ ஆக்கிவிட்டார்கள். “நூறு வந்தாச்சா?” “நூறுக்கு இன்னிக்கு ஜலதோஷமாம்.” கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

அவள் பாடம் நடத்தும் விதம் தனி. புத்தகத்தில் உள்ள கணக்குகளையும் பழைய கேள்வித்தாள்களையும் அலசி, எல்லாவற்றையும் அறுபத்திரண்டு மாடல்களாகப் பிரித்து வைத்திருந்தாள். கேள்வியில் இந்த வார்த்தை வந்தால் இந்த மாடல். இந்த மாடல் என்றால் இந்தச் சூத்திரம். விடை வந்ததும் கீழே இரட்டைக் கோடு, சுற்றிலும் அளவுகோல் வைத்து ஒரு கட்டம். திருத்துகிறவர் கண்ணில் விடை பளிச்சென்று பட வேண்டும். “யோசிக்கறதுக்குப் பரீட்சையில நேரம் கிடையாது. கை தானா போகணும்” என்பாள். கைகள் தானாகப் போயின.

இரண்டாம் மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. “உனக்குன்னு ஒண்ணும் பாத்துக்கலையேக்கா” என்று தங்கை அழுதாள். “எனக்கு வருஷத்துக்கு நூத்தம்பது பிள்ளைங்க. நீதான் ரெண்டை வச்சுக்கிட்டு அல்லாடறே” என்றாள் இவள். சமாதானத்துக்குச் சொன்னதுதான் என்றாலும் அது முழுப் பொய்யும் இல்லை. அந்த வீட்டில் அவள் தூங்கி எழுந்தாள், அவ்வளவுதான். வாழ்ந்ததெல்லாம் பள்ளியில்.

பள்ளியில் அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். மொழிப்பாடம் எடுப்பவள், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர். ஆசிரியர் அறையின் ஜன்னலோர பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு ஆண்டுகள் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள். ரேடியோ பேசுவாள், நூறு கேட்பாள். மாமியார் சண்டையிலிருந்து மகனின் பல்வலி வரை அந்த வீட்டில் நடந்தது எதுவும் இவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த இருபத்து மூன்றாவது ஆண்டு விடுமுறையில் ஊரிலிருந்த கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அங்கே ஒரு சோதனை வைப்பார்கள். பாதி வாசிப்பு, பாதி அடிப்படைக் கணக்கு. தேறாதவர்கள் பட்டப்படிப்புக்குள் நுழையும் முன் ஓராண்டு அடிப்படை வகுப்பில் உட்கார வேண்டும். அதைப் பொறுப்பேற்று நடத்தும் விரிவுரையாளர், தாள் திருத்த ஆள் போதவில்லை என்று இவளைக் கூப்பிட்டிருந்தார். “ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் மேடம். நீங்க வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றார்.

அறுபது விடைத்தாள்கள். பெயர் இல்லை, எண் மட்டும். நான்காவது கேள்வி இது: தொள்ளாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் வீதம் குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

முன்னூறு போக மீதி அறுநூறு, ஐம்பது நிமிடம். அவள் விடையை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டு முதல் தாளை எடுத்தாள். எழுபத்தைந்து என்றிருந்தது. தொள்ளாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறது ஏதோ அவசரக் குடுக்கை என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் எழுபத்தைந்து. அதற்கடுத்ததில் எழுபத்தைந்தின் கீழே இரட்டைக் கோடு இழுத்து, சுற்றிலும் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அறுபதில் நாற்பத்தொன்று தவறு. அவற்றில் கட்டம் போட்ட தவறுகள் பதினொன்று. எண்ணைப் பார்த்துப் பெயரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அத்தனையும் அவள் பிள்ளைகள்.

“வருஷா வருஷம் இதே கதைதான் மேடம்” என்றார் விரிவுரையாளர். அவர் பழகிப்போயிருந்தார். “வகுக்கத் தெரியாம இல்ல, பாருங்க, எவ்வளவு சுத்தமா வகுத்திருக்காங்க. நாலு வரியைப் படிச்சு அங்க என்ன நடக்குதுன்னு சொல்லத் தெரியல. வாசிப்புத் தாள் இதைவிட மோசம்.”

முடிவு ஒட்டிய நாளில் அவள் கல்லூரிக்குப் போய் நின்றாள். அவளிடம் நூறு வாங்கிய பெண் ஒருத்தி பட்டியலின் முன் நின்று தன் எண்ணை மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தாள். நெசவாலையில் வேலை பார்ப்பவரின் மகள். நூறு வந்த அன்று அப்பாவைக் கையோடு கூட்டி வந்து டீச்சருக்கு வணக்கம் சொல்ல வைத்தவள்.

“ஏம்மா, தொட்டியில ஏற்கெனவே தண்ணி இருக்குன்னு போட்டிருந்துதே, பாக்கலையா?”

“பாத்தேன் டீச்சர். ஆனா அந்த மூணுல ஒண்ணை எங்க போடறதுன்னு தெரியல. நம்ம மாடல்ல அது வராதே.” அந்தப் பெண் குற்றம் சாட்டவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு மெல்ல, “வீட்ல எப்படி டீச்சர் சொல்றது? நூறு வாங்கினவளாச்சே நீன்னு கேப்பாங்களே” என்றாள்.

இரண்டு மாதம் அந்தப் பெண் அடிப்படை வகுப்புக்குப் போனாள். பிறகு நின்றுவிட்டாள். கடைத்தெருவில் கைபேசி விற்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நூறு டீச்சர் அந்த வழியாகப் போகும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்துத் தலையசைப்பாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சந்தைக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள்.

அந்த விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம் ஆசிரியர் கூட்டம். தேர்ச்சி விழுக்காட்டைத் தலைமையாசிரியர் வாசித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். நூறு எழுந்தாள். கல்லூரிச் சோதனையின் எண்களைச் சொன்னாள். கட்டம் போட்ட பதினொன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“இருபத்து மூணு வருஷமா நான் கணக்கு சொல்லிக் குடுக்கல. பரீட்சை எழுதச் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றாள். அத்தோடு உட்கார்ந்திருந்தால் பெருந்தன்மை என்று பாராட்டியிருப்பார்கள். அவள் நிறுத்தவில்லை. “நான் மட்டும் இல்ல. கட்டுரையும் கடிதமும் நாம எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறோம். ஒரு பத்தியைப் புதுசாக் குடுத்தா பிள்ளைங்களுக்குப் படிக்க வரல. நாம எல்லாருமே இதைச் செஞ்சிருக்கோம்.”

தலைமையாசிரியர் தாளைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மதியம் ஜன்னலோர பெஞ்சில் ரேடியோ டப்பாவைத் திறக்கவில்லை. “உன் வகுப்பைப் பத்தி நீ என்ன வேணா பேசு. கட்டுரை, பத்தின்னு என்னை எதுக்குடி இழுத்தே? அத்தனை பேர் நடுவுல?”

“உன்னைச் சொல்லலடி...”

“கட்டுரை யார் நடத்தறா இங்க? கணக்கு டீச்சரா?” ரேடியோவின் கண் நிறைந்துவிட்டது. “பதினெட்டு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே, ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடி சொல்லத் தோணலையா உனக்கு?”

நூறுக்கு அப்படி ஒன்று உண்மையிலேயே தோன்றவில்லை. தப்பு தன்னுடையது என்ற நினைப்பிலேயே மூழ்கி இருந்ததில், பக்கத்தில் இருப்பவளுக்கு வலிக்குமே என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டாள். ரேடியோ “சரி விடு” என்றாள். மறுநாள் முதல் எதிர்மூலையில் வேறு டீச்சர்களோடு உட்கார்ந்துகொண்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நூறு உள்ளே நுழைந்தால் அறையில் பேச்சு ஒரு சுருதி இறங்கும். வெளியே போனால் மறுபடி ஏறும்.

அந்த ஆண்டுதான் கல்வி அலுவலகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்த் திணறாமல் இருக்க, மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கு வாசிப்பிலும் கணக்கிலும் பயிற்சி. வட்டாரத்துக்கு இரண்டு பயிற்சியாளர்கள், வாசிப்புக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர். தலைமையாசிரியர் ஒரே மூச்சில் நூறு டீச்சர் பெயரை எழுதி அனுப்பினார். திறமையை மதித்து அனுப்பினாரா, தொல்லை விட்டது என்று அனுப்பினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

வாசிப்புக்கான இடம் காலியாக இருந்தது. அவள் கூச்சத்தை விட்டு ரேடியோவிடம் போனாள். “நீ வாயேன். ரெண்டு பேரும் சேந்து போலாம்.”

“நான் எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறவ. என்னைக் கூட்டிட்டுப் போனா உனக்குத்தான் கேவலம்” என்றாள் ரேடியோ, நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமல்.

அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டு வேலையையும் இவளே செய்தாள்.

தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய வரைதாள், டப்பா நிறைய ஸ்கெட்ச் பேனா. திங்கள் ஒரு பள்ளி, புதன் ஒரு பள்ளி, வெள்ளி இன்னொன்று. எங்கே போனாலும் அதே காட்சி. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பெஞ்சுத் தூசியைத் தட்டுவார்கள். ஆசிரியர்கள் பின்வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார்கள்; முன்வரிசை காலியாகவே இருக்கும். ஒருவர் மேஜைக்கு அடியில் நோட்டுத் திருத்துவார். ஒருத்தி காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போவாள். அவளுக்கு எத்தனை பல் என்று நூறுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மதியம் மணி அடித்ததும் அத்தனை பேரும் கலகலவென்று ஆசிரியர் அறைக்குப் போவார்கள். இவளை மட்டும் மரியாதையாகத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போய், கண்ணாடி போட்ட மேஜையில் தட்டை வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். அலுவலகத்திலிருந்து வந்தவர் அல்லவா. சுவரில் பழைய தலைமையாசிரியர்களின் படங்கள். அவர்கள் பார்க்க, இவள் சாப்பிடுவாள். சுவருக்கு அப்பால் யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும்.

முதல் ஆண்டு முடிவில் கருத்துப் படிவங்களைப் பிரித்தாள். ‘பயிற்சியில் மிகவும் பயனுள்ளதாக இருந்தது எது?’ என்ற கேள்விக்குப் பாதிப் பேர் ‘உணவு’ என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு ஒரு பள்ளிக்குப் போனாள். அங்கே கணக்குக்கு ஆள் இல்லாததால் விளையாட்டு மாஸ்டரே கணக்கும் எடுத்தார். ஐம்பது வயது, பெருத்த உடம்பு, கழுத்தில் எந்நேரமும் ஊதல். அதனால் விசில் மாஸ்டர். அவள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கை தூக்கினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கடைசியா கிளாஸ் எடுத்து எத்தனை நாளாச்சு?”

சிலர் குனிந்து சிரித்தார்கள். “ரெண்டு வருஷம்” என்றாள் அவள்.

“அப்ப என் கிளாஸை எடுத்துக் காட்டுங்களேன். அடுத்த பீரியட்தான்.”

பதினான்கு ஆசிரியர்கள் பின்னால் வரிசையாக நிற்க, நாற்பது பிள்ளைகளின் முன்னால் அவள் நின்றாள். தொட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினாள். “விடை வேண்டாம். இதைப் படிச்சு, அங்க என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் வேறு மாதிரி கேட்டாள். அதற்கும் மௌனம். ஒரு பையன் “எழுபத்தஞ்சு” என்றான். ஒரு நிமிடம் போனது, மூன்று நிமிடம் போனது. கடைசியில் அவளே திரும்பிப் படபடவென்று முன்னூறைக் கழித்து அறுநூறு போட்டு, வகுத்து, ஐம்பது என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிட்டாள். கை தானாகப் போய்விட்டது.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தங்கையைக் கூப்பிடலாம் என்று எண்ணை அழுத்தினாள். தங்கை எடுத்தாள்; பின்னால் குக்கர் சத்தம், பிள்ளைகள் சத்தம். “சொல்லுக்கா, அவசரமா? இவனுக்கு நாளைக்குப் பரீட்சை.” “ஒண்ணுமில்ல. சும்மாதான்” என்று வைத்துவிட்டாள். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய வகுப்புக்கே போய்விடலாம் என்று பட்டது. அங்கேயும் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்றும் பட்டது.

மறுநாள் காலை, அட்டவணையில் இல்லாத அதே பள்ளிக்கு மறுபடியும் போய் நின்றாள். விசில் மாஸ்டர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து நான் தோத்துட்டேன் சார். இன்னிக்கு நீங்க எடுங்க. நான் பின்னால உக்காந்து பாக்கறேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்யத்தான் வாயெடுத்தார் போலிருக்கிறது, செய்யவில்லை. “வாங்க” என்றார்.

வகுப்பில் அதே கணக்கை எழுதினார். தானும் ஒருமுறை உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு எண்களை மட்டும் துடைப்பானால் அழித்தார்.

“நம்பரையெல்லாம் நான் தின்னுட்டேன். இப்ப சொல்லுங்கடா, அங்க என்ன இருக்கு?”

சிரிப்பு. “தொட்டி இருக்கு சார்.”

“காலித் தொட்டியா?”

“இல்ல சார். கொஞ்சம் தண்ணி கிடக்கு.”

“அப்ப குழாய் எதை நிரப்பணும்?”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கை தூக்கக்கூட மறந்து, “மிச்சத்தை” என்றாள்.

பின்பெஞ்சில் இருந்த நூறு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிச்சம் என்ற சொல் அந்தக் கேள்வியில் எங்கேயும் இல்லை. அந்தப் பெண் படித்துப் பார்த்துத் தானாக எடுத்த சொல் அது. இருபத்து மூன்று ஆண்டுகளில் தன் வகுப்பில் அப்படி ஒரு சொல் பிறந்ததாக அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“எப்படி சார் உங்களுக்குத் தோணுச்சு?” என்று பிறகு கேட்டாள்.

விசில் மாஸ்டர் கழுத்தைச் சொறிந்தார். “நேத்து நீங்க திணறினதைப் பாத்து ராத்திரி யோசிச்சேன். எனக்கே நம்பரைக் கண்டா பயம் மேடம். சின்ன வயசுலேருந்தே விரலால மறைச்சுக்கிட்டுத்தான் முதல்ல படிப்பேன். வெளிய சொன்னா வெக்கக்கேடு.”

அதன்பின் அவள் பயிற்சி மாறிப்போனது. வரைதாளைச் சுருட்டி ஓரம் வைத்தாள். ஆசிரியர்களை இருவர் இருவராக வகுப்புக்குள் அனுப்பினாள். ஒருவர் நடத்த, மற்றவர் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். மொழி ஆசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் ஜோடி சேர்த்தாள். எண்ணை மூடிப் படிப்பதைச் சொல்லும்போதெல்லாம், “இது ஒரு விளையாட்டு மாஸ்டர் கண்டுபிடிச்சது. நான் தோத்த வகுப்புல” என்று சொல்லத் தவறியதில்லை. அப்படிச் சொன்னதும் நோட்டுத் திருத்துகிறவர்கள் தலையை நிமிர்த்துவார்கள். தோற்றவள் என்றால் கேட்கலாம் என்று ஒரு சமாதானம்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கல்லூரியில் அறுபதுக்கு நாற்பத்தொன்றாக இருந்த தவறு அடுத்த சோதனையில் முப்பத்தெட்டாயிற்று, அதற்கடுத்து முப்பத்து மூன்று, பிறகு இருபத்தாறு. “குறையுது மேடம்” என்று விரிவுரையாளர் தொலைபேசியில் கத்தினார். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அன்று அவள் வீட்டில் எல்லாப் பாத்திரங்களையும் ஒருமுறை கழுவி வைத்தாள்.

நான்காம் ஆண்டில் அவளுடைய பழைய பள்ளியின் முறை வந்தது. தலைமையாசிரியர் வாசலுக்கே வந்து வரவேற்றார். ரேடியோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள்.

நூறு தொட்டிக் கணக்கையே ஒரு பத்தியாகக் கொடுத்து, பிள்ளைகள் இதில் எங்கே தடுமாறுவார்கள் என்று கேட்டாள். எல்லோரும் குனிந்து படித்தார்கள். பிறகு ரேடியோவின் குரல்: “‘ஏற்கெனவே’ங்கற வார்த்தையில தடுமாறுவாங்க மேடம். அது காலத்தைச் சொல்ற வார்த்தை. பிள்ளைங்க அதை அலங்காரம்னு நினைச்சுத் தாண்டிடுவாங்க.”

அருமையான பதில். ஆனால் ‘மேடம்’ என்றதற்குப் பிறகு இரண்டு மூன்று வினாடி இவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. வாடி போடி என்று பேசிய வாய் அது. “ரொம்பச் சரியாச் சொன்னீங்க டீச்சர்” என்று தன் வாயும் சொன்னதைக் கேட்டாள்.

மதியம் வழக்கம்போலத் தலைமையாசிரியர் அறை, கண்ணாடி மேஜை, சாத்திய கதவு. பாதிச் சாப்பாட்டில் கதவு தட்டி ரேடியோ உள்ளே வந்தாள். கையில் வருகைத்தாள்.

“ரெண்டு பேர் கையெழுத்துப் போடாம விட்டிருந்தாங்க. வாங்கிட்டு வந்தேன்.”

“வை. உக்காரேன் கொஞ்சம்.”

“இல்ல, மத்தியான இடைவேளையில பிள்ளைங்களைக் கிளாஸ்ல எழுத வச்சுட்டு வந்திருக்கேன்.” ஆனால் போகவில்லை. மேஜைக் கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவினாள். “அந்த மூடிப் படிக்கிறது நல்லா வருது. பத்தியில முக்கியமான வார்த்தையை மூடிட்டு, என்ன இருக்கும்னு ஊகிக்கச் சொல்றேன். பின்பெஞ்சுப் பசங்ககூடச் சண்டை போட்டுக்கிட்டுப் படிக்கிறாங்க.”

“எப்பலேருந்து செய்யறே?”

“ரெண்டு வருஷமா. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னா.”

இரண்டு வருஷம். தன் வேலை ஊரைச் சுற்றி ரேடியோவின் வகுப்புக்குள் போய் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறது. சொல்ல ஒரு போன் வரவில்லை. கோபப்படலாமா, சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை.

“நல்லது” என்றாள்.

“நீ சாப்பிடு. ஆறிடும்” என்றாள் ரேடியோ. மேடம் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தாமல் பாதி திறந்தபடி விட்டுப் போனாள். பிற்பகல் அமர்வில் அதே மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் மற்றவர்களோடு பேசிக்கொண்டே படியிறங்கிப் போனாள். அடுத்த ஆண்டு அவள் ஓய்வு பெற்ற செய்தி நூறுக்கு அலுவலகச் சுற்றறிக்கையில்தான் தெரிந்தது. ஒரு வாழ்த்து எழுதிப் போட்டாள். ‘கிடைத்தது, நன்றி’ என்று இரண்டு சொல் பதில் வந்தது. அதை எடுத்துவைத்துக்கொண்டாள்.

வாசிப்புக்கான இடத்துக்கு ஒருமுறை ஓர் இளைஞன் வந்தான். நான்கே மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. இரண்டு வேலையும் அவளுடையதுதான். தங்கை வாரம் ஒருமுறை பேசுகிறாள், “இங்க வந்துடேன்க்கா” என்கிறாள். “பாக்கலாம்” என்கிறாள் இவள்.

சென்ற வாரம் பேருந்துத் தடத்தின் கோடியில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்குப் போயிருந்தாள். மொத்தமே ஒன்பது ஆசிரியர்கள். மாலையில் அவள் பையைத் தோளில் மாட்டியபோது, அன்று முழுவதும் வாய் திறக்காத ஓர் இயற்பியல் ஆசிரியை வராந்தா வரை பின்னாலேயே வந்தாள்.

“மேடம், அடுத்து எப்ப வருவீங்க? எனக்கு ஒரு வகுப்பு சரியா வரல. நீங்க பாத்துச் சொன்னா நல்லாயிருக்கும்.”

இத்தனை ஆண்டுகளில் அலுவலகம் தேதி போட்டு அனுப்பியிருக்கிறதே தவிர, எப்போது வருவீர்கள் என்று எந்தப் பள்ளியும் கேட்டதில்லை. அவள் நாட்குறிப்பை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள். வியாழக்கிழமைகள் எல்லாமே காலியாகத்தான் இருந்தன. “வர்ற வியாழன் வரட்டுமா?” என்றாள். அந்த ஆசிரியை பேனாவை வாங்கித் தானே அந்தப் பக்கத்தில் தன் வகுப்பு நேரத்தை எழுதிக் கொடுத்தாள். பேருந்து வந்துவிட்டது. கூட்டமில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள்.